சென்னையில் பழைய ஃபிளாட் வாங்கிச் சீரமைத்து வாடகைக்கு விடுவது எப்படி? தண்ணீரில் தொடங்கும் வழிகாட்டி

சித்திரை வெயிலில் வீடு பார்க்கப் போனவன் நான். சுவரெல்லாம் புதுப் பெயிண்ட், ஜன்னல் வழியே காற்று, தரகரின் கையில் இளநீர். வேளச்சேரிப் பக்கம் தரைத்தளத்தில் இரண்டு படுக்கையறை ஃபிளாட் அது. மூன்றே வாரத்தில் ஒப்பந்தம் போட்டேன். ஐப்பசியில் முதல் மழை பெய்து நான்காம் நாள், படுக்கையறைச் சுவரில் ஓதம் இடுப்பளவு ஏறியிருந்தது. நிலத்தடித் தொட்டியான சம்ப்பில் தெருத் தண்ணீர் கலந்திருந்தது. குடிவந்த குடும்பம் தை பிறந்ததும் காலி செய்துவிட்டுப் போனது. அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை.

அதற்குப் பிறகு ஆதம்பாக்கத்தில் ஒன்றும் பெரம்பூரில் ஒன்றுமாக இரண்டு ஃபிளாட்டுகள் வாங்கிச் சரிசெய்து வாடகைக்கு விட்டிருக்கிறேன். அந்த அனுபவத்தில் எழுதுகிறேன். குடியிருக்கச் சொந்த வீடு ஏற்கெனவே இருக்கிறது, கையில் ஓரளவு சேமிப்பும் இருக்கிறது, இருபது முப்பது ஆண்டுப் பழைய ஃபிளாட் ஒன்றை வாங்கி வாடகை பார்க்கலாம் என்று நினைக்கும் நடுத்தர வர்க்கத்தாருக்கானது இது. பெரிய முதலீட்டாளர்களுக்குச் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை.

முதல் படி: வீடு பார்ப்பதற்கு முன் கணக்கு பார்ப்பது

"வாடகையே கடன் தவணையைக் கட்டிவிடும்" என்று தரகர் சொல்வார். சென்னையில் கட்டாது. ஓர் உதாரணக் கணக்கு போடுவோம்.

விலை 60 லட்சம் ரூபாய். மறுவிற்பனை வீட்டுக்கு முத்திரைத்தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், ஆக 5,40,000. தரகுக்கு ஒரு சதவீதம் என்று வைத்தால் 60,000. வழக்கறிஞர், நகல்கள், அலைச்சல் எல்லாம் சேர்த்து 25,000. சீரமைப்புக்கு 5 லட்சம். மொத்தம் 71 லட்சத்தைத் தாண்டுகிறது. மாத வாடகை 20,000 கிடைக்கிறது, ஆண்டில் ஒரு மாதம் வீடு காலியாகக் கிடக்கிறது என்று வைத்தால் வரவு 2,20,000. சொத்து வரிக்கும் சில்லறைப் பழுதுகளுக்கும் 30,000 கழித்தால் மிஞ்சுவது 1,90,000. போட்ட பணத்துக்கு 2.7 சதவீதம்கூட வரவில்லை.

இதில் 42 லட்சம் கடன் என்றால், 8.5 சதவீத வட்டியில் இருபது ஆண்டுக்கு மாதத் தவணை சுமார் 36,500. வாடகை போக மாதாமாதம் 16,500 உங்கள் சம்பளத்திலிருந்து போகும். கையில் ரொக்கமாக வேண்டியதோ ஏறக்குறைய 29 லட்சம். முத்திரைத்தீர்வையையும் சீரமைப்பையும் வீட்டுக் கடனில் சேர்க்க முடியாது என்று வைத்தே திட்டமிடுங்கள். ரிசர்வ் வங்கி விதிப்படி 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையிலான கடன், சொத்து மதிப்பில் 80 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. அந்த மதிப்பும் நீங்கள் பேசிய விலை அல்ல, வங்கியின் மதிப்பீட்டாளர் போடும் விலை. பழைய கட்டடம் என்றால் அவர் கை இன்னும் இறுகும்.

இவ்வளவுக்குப் பிறகும் ஏன் வாங்க வேண்டும்? நிலத்துக்காக. வாடகை காலப்போக்கில் ஏறும், கட்டடம் தேயும், உங்கள் பெயரிலுள்ள நிலப் பங்கு மட்டும் விலை கூடும். இந்தக் கணக்கு மனதுக்கு ஒப்பவில்லையென்றால் வைப்புத் தொகையில் போட்டுவிட்டு நிம்மதியாக இருக்கலாம். அதில் எந்த வெட்கமும் இல்லை.

இரண்டாம் படி: இடம், அதாவது தண்ணீர்

சென்னையில் ஒரு தெருவை மதிப்பிட இரண்டு கேள்விகள் போதும். மழையில் தண்ணீர் எங்கே நிற்கிறது? கோடையில் தண்ணீர் எங்கிருந்து வருகிறது?

முதல் கேள்விக்கு 2015 டிசம்பரும் 2023 டிசம்பரும் பதில் வைத்திருக்கின்றன. 2015-ல் அடையாற்றங்கரையில் கோட்டூர்புரம், ஜாபர்கான்பேட்டை, மேற்கே முடிச்சூர் எல்லாம் மூழ்கின. 2023-ல் மிக்ஜாம் புயலின்போது வேளச்சேரியும் பள்ளிக்கரணையும் பெரும்பாக்கமும் நாள்கணக்கில் தண்ணீரில் நின்றன. அதற்காகப் பகுதியையே ஒதுக்க வேண்டியதில்லை. ஒரே பேட்டையில் ஒரு தெரு மூழ்கும், அடுத்த தெரு காய்ந்திருக்கும். தரகரிடம் கேட்காதீர்கள். முனையில் இஸ்திரி போடுபவரிடம் கேளுங்கள், எதிர்வீட்டுக் காவலாளியிடம் கேளுங்கள். "தண்ணீர் எந்தப் படி வரை வந்தது?" என்று கேட்டால் விரல் நீட்டிக் காட்டுவார்கள். தெருப்பெயரும் சில நேரம் உண்மை பேசும். மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ சாலை இருக்கிறது, ஏரி இல்லை. அந்த நெடிய ஏரியைத் தூர்த்துத்தான் 1920-களில் தியாகராய நகரை உருவாக்கினார்கள்.

இரண்டாம் கேள்வியை 2019-ஐ வைத்துக் கேளுங்கள். பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நான்கும் வற்றி, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்த ஆண்டு அது. அந்தக் கோடையில் இந்தக் கட்டடம் வாரத்துக்கு எத்தனை டேங்கர் லாரி வாங்கியது என்று அசோசியேஷன் செயலாளரிடம் கேளுங்கள். மெட்ரோ வாட்டர் குழாய் இணைப்பு இருக்கிறதா, போர்வெல் எத்தனை அடி, கடைசியாக எப்போது ஆழப்படுத்தினார்கள் என்பதையும் கேளுங்கள். தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும் டி.டி.எஸ். மீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது, வீடு பார்க்கப் போகும்போது சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். குடிநீரில் கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது, வேறு வழியில்லாதபோது 2,000 வரை அனுமதிக்கலாம் என்பது இந்தியத் தர நிர்ணயம். போர்வெல் தண்ணீர் அதையும் தாண்டினால் குழாய்கள், கீசர், துணி துவைக்கும் இயந்திரம் எல்லாம் உங்கள் செலவுக் கணக்கில் ஏறும்.

தண்ணீருக்குப் பிறகுதான் மற்றவை. குடிவருபவர் யார் என்று யோசித்து வாங்குங்கள். தரமணி, ராஜீவ் காந்தி சாலை வரிசையில் ஐ.டி. ஊழியர்கள், கிண்டி, அம்பத்தூர் பக்கம் தொழிற்பேட்டைக்காரர்கள், நங்கநல்லூர், மயிலாப்பூர், பெரம்பூர் போன்ற பழைய பேட்டைகளில் கோவிலும் பள்ளியும் ரயில் நிலையமும் தேடும் குடும்பங்கள். என் வாக்கு மூன்றாவது வகைக்குத்தான். அவர்கள் சட்டென்று இடம் மாற மாட்டார்கள். மெட்ரோ ரயிலின் இரண்டாம் கட்டப் பாதை அருகில் வாங்குவதாக இருந்தால், "நிலையம் வரப்போகிறது" என்ற பேச்சுக்கு விலை கொடுக்காமல் நிலையத்துக்கு நீங்களே நடந்து பார்த்து நிமிடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம் படி: வீட்டைத் தட்டிப் பார்ப்பது

இரண்டு முறை பாருங்கள், அதில் ஒரு முறையாவது மழைக்காலத்தில். ஆடியில் விலை பேசுவதும் நல்ல தந்திரம். நல்ல காரியத்துக்கு ஆகாத மாதம் என்று மற்றவர்கள் ஒதுங்கி நிற்பதால் விற்பவர் இறங்கி வருவார்.

ஒரு ரூபாய் நாணயத்தால் கூரையையும் உத்தரத்தின் அடிப்பகுதியையும் தட்டுங்கள். கெட்டியான ஒலி வந்தால் நல்லது. உள்ளே வெற்றிடம் இருப்பதுபோல ஒலித்தால், கம்பி துருப்பிடித்து, வீங்கி, காரையைத் தள்ளிக்கொண்டிருக்கலாம். பெசன்ட் நகர், திருவான்மியூர் போன்ற கடலோரப் பகுதிகளில் உப்புக் காற்றால் இது அதிகம். உப்புத் தண்ணீரில் கலவை போட்ட கட்டடமாக இருந்தால் எந்தப் பேட்டையிலும் வரும். ஒரு மூலையில் இருந்தால் விலையில் கழிக்கலாம். தூண்களில் நீளவாக்கில் விரிசல் தெரிந்தால் கட்டமைப்புப் பொறியாளரை அழைக்காமல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

மேல்தளம் என்றால் மொட்டை மாடிக்கு ஏறித் தட்டோடுகளின் இடுக்கைப் பாருங்கள். எந்தத் தளமானாலும் உங்களுக்கு மேலே இருக்கும் வீட்டின் கழிப்பறை எங்கே என்று பார்த்து, அதற்கு நேர்க்கீழ் உள்ள கூரையை உற்றுப் பாருங்கள். அங்கே மட்டும் புதுப் பெயிண்ட் அடித்திருந்தால் விஷயம் புரிந்துவிடும். மரநிலைகளில் செல் அரித்திருக்கிறதா என்று சாவி முனையால் குத்திப் பாருங்கள்.

நான்காம் படி: பத்திரங்கள்

இங்கே கஞ்சத்தனம் கூடாது. விற்பவருக்கோ தரகருக்கோ தெரிந்த வழக்கறிஞரை விட்டுவிட்டு, உங்களுக்கென்று ஒருவரை வையுங்கள். வங்கியின் சட்டப் பரிசோதனை வங்கியின் பணத்துக்கானது.

சொத்தின் மூல ஆவணமான தாய்ப் பத்திரத்திலிருந்து இன்றைய உரிமையாளர் வரை சங்கிலி அறுபடாமல் வர வேண்டும். சொத்தின் மேல் பதிவான விற்பனை, கடன்களைக் காட்டும் வில்லங்கச் சான்றைப் பதிவுத்துறை இணையதளத்திலேயே எடுக்கலாம்; முப்பது ஆண்டுக்காவது எடுங்கள். பழைய கடன் தீர்ந்திருந்தாலும், வங்கிக்கு உரிமை ஆவணங்களை ஒப்படைத்த பதிவு மட்டும் வில்லங்கத்தில் தொங்கிக்கொண்டிருக்கும். கடன் தீர்ந்ததற்கான ரசீது பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். உரிமையாளர் இறந்திருந்தால் வாரிசுச் சான்றிதழில் உள்ள அத்தனை பேரும் கையெழுத்துப் போட வேண்டும். மகளுக்குத் திருமணம் செய்து கொடுத்தாகிவிட்டது, அவளுக்குப் பங்கு இல்லை என்று அண்ணன் சொல்வதைக் கேட்டு வாங்கி நீதிமன்றத்துக்கு நடப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். உரிமையாளரிடம் பொது அதிகாரப் பத்திரம் (பவர் ஆஃப் அட்டர்னி) பெற்றவர் விற்றால், அதிகாரம் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா, அதை ரத்து செய்திருக்கிறாரா என்று உறுதி செய்யுங்கள். வீட்டுவசதி வாரிய ஒதுக்கீட்டு வீடு என்றால், வாரியத்திடமிருந்து ஒதுக்கீடு பெற்றவருக்கு விற்பனைப் பத்திரமே ஆகியிருக்க வேண்டும். ஒதுக்கீட்டு ஆணை மட்டும் உரிமை ஆகாது.

பிறகு பிரிபடாத பாகம், அதாவது கட்டடம் நிற்கும் மனையில் உங்கள் ஃபிளாட்டுக்குச் சேரும் நிலப் பங்கு. நீங்கள் உண்மையில் வாங்குவது இதைத்தான். எட்டு வீடுகள் கொண்ட பழைய மூன்று மாடிக் கட்டடத்தில் 900 சதுர அடி ஃபிளாட்டுக்கு 500, 600 சதுர அடி நிலம் கிடைப்பது உண்டு; வானுயர்ந்த புதிய கட்டடத்தில் அதில் பாதி கிடைத்தாலே அதிகம். எல்லா வீடுகளின் பாகங்களையும் கூட்டினால் மொத்த மனையளவைத் தாண்டக் கூடாது. கூட்டிப் பாருங்கள், வேடிக்கையான விடைகள் வரும். 2024 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம், மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் ஒப்புக்கொண்டால் பழைய கட்டடத்தை இடித்துக் கட்ட வழி செய்திருக்கிறது. அந்த நாள் வரும்போது உங்கள் பிடி இந்தப் பாகத்தின் அளவுதான்.

ஒப்புதல் பெற்ற வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு மாடிகளை எண்ணுங்கள். வரைபடத்தில் இரண்டு மாடி, தெருவில் மூன்று மாடி என்றால் அந்த மூன்றாவதை வாங்காதீர்கள்.

ஐந்தாம் படி: பதிவு

கிரய ஒப்பந்தத்தையும் பதிவு செய்துவிடுங்கள். பணம் முழுவதும் வங்கி வழியாகப் போகட்டும். சொத்துப் பரிமாற்றத்தில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவது வருமான வரிச் சட்டப்படி தவறு. விலை 50 லட்சத்தைத் தொட்டால், விற்பவருக்குத் தரும் தொகையில் ஒரு சதவீதத்தை வரியாகப் பிடித்து நீங்களே கட்ட வேண்டும். விற்பவர் வெளிநாட்டில் வசிப்பவர் என்றால் பிடிக்க வேண்டிய விகிதம் பல மடங்கு பெரிது. ஆடிட்டரைக் கேட்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். பதிவு முடிந்த மாதமே சொத்து வரி, மெட்ரோ வாட்டர், மின் இணைப்பு மூன்றிலும் பெயர் மாற்றம் செய்துவிடுங்கள். தள்ளிப்போட்டால் ஆண்டுகள் ஓடிவிடும்.

ஆறாம் படி: சீரமைப்பு

கண்ணுக்குத் தெரியாத இடத்தில் பணத்தைப் போடுங்கள். இந்தப் படியில் நான் பிடிவாதக்காரன். பளபளப்பான தரையைப் பார்த்து ஒருவர் குடிவரலாம். கழிப்பறை ஒழுகினால் அதே ஆள் மூன்றாம் மாதம் காலி செய்துவிடுவார்.

வேலை தொடங்கும் முன் அசோசியேஷனுக்குக் கடிதம் கொடுங்கள். கீழ்வீட்டாரை நேரில் போய்ப் பார்த்து அவர்கள் கூரையைப் படம் எடுத்து வையுங்கள். பிறகு ஒழுகினால் யார் காலத்து ஒழுகல் என்ற சண்டை வராது. சுவர் இடிப்பதாக இருந்தால் பொறியாளரைக் கேளுங்கள். பழைய கட்டடங்களில் சில சுவர்கள்தான் சுமையையே தாங்குகின்றன.

முதலில் குளியலறை. பழைய இரும்புக் குழாய்களைக் கழற்றினால் ஒன்றரை விரல் அகலக் குழாயில் உப்பு படிந்து பென்சில் நுழையும் அளவுதான் வழி இருக்கும். முழுவதும் மாற்றி சி.பி.வி.சி. பிளாஸ்டிக் குழாய் போடுங்கள். தரையைக் கொத்தி எடுத்து, கழிவுநீர்க் குழாயும், தண்ணீர் வெளியேறும் தரைத்துளையில் பொருத்தும் நஹானி ட்ராப்பும் தரையோடு சேரும் இடத்தில் நீர்க்கசிவுத் தடுப்புப் பூச்சை இரண்டு கை அடிக்கச் சொல்லுங்கள். ஒழுகல் பெரும்பாலும் அந்த வளையத்தில்தான் தொடங்கும். பூச்சைச் சுவரில் ஒரு அடி உயரமாவது ஏற்ற வேண்டும். பிறகு துளையை அடைத்து நாலு விரல் தண்ணீர் கட்டி இரண்டு நாள் விடுங்கள். மேஸ்திரி, "வேண்டாம் சார், நான் கேரண்டி" என்பார். சிரித்துவிட்டுத் தண்ணீரைக் கட்டுங்கள். கீழ்வீட்டுக் கூரை காய்ந்திருந்தால் மட்டும் டைல்ஸ். டைல்ஸ் போட்ட பிறகு ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றி வாட்டம் பாருங்கள். தண்ணீர் தானாக ஓட்டைக்குப் போக வேண்டும்.

அடுத்தது மின்சாரம். பழைய வீடுகளில் அலுமினியக் கம்பியும், பெயருக்கு ஒரு நிலத்தொடுப்பும் (எர்த்) இருக்கும். முழுவதும் செம்புக் கம்பி, ஏ.சி.க்கும் கீசருக்கும் 4 சதுர மில்லிமீட்டர் தனி இணைப்பு, கசிவு மின்சாரம் வந்தால் தானாக அணைக்கும் ஆர்.சி.சி.பி. ஆகியவற்றை விலை பார்த்துத் தவிர்க்காதீர்கள். இன்வெர்ட்டர் வைக்க ஓர் இடமும், சமையலறையில் மிக்ஸி, கிரைண்டர், ஃபிரிட்ஜ் மூன்றுக்கும் தனித்தனி பிளக்கும் வையுங்கள்.

தரையில்தான் நான் பணம் மிச்சம் பிடிப்பேன். எண்பதுகளில் போட்ட மொசைக் தரை இருந்தால் அதைப் பெயர்க்காதீர்கள். மெஷின் வைத்துப் பாலிஷ் போட்டால் புதிய டைல்ஸின் செலவில் ஒரு பகுதியில் முடிந்துவிடும். வெயிலில் குளிர்ச்சியாக இருக்கும். சமையலறையில் கடப்பாக் கல் தட்டுகள் உறுதியாக இருந்தால் அப்படியே விட்டுக் கதவு மட்டும் போடுங்கள். வாடகை வீட்டுக்கு மாடுலர் கிச்சன் தேவையில்லை என்பது என் கட்சி. மனைவி ஒப்புக்கொள்ளவில்லை, பெரம்பூர் வீட்டில் அவர் சொன்னபடி போட்டோம். வாடகை ஆயிரம் ரூபாய்கூட அதிகம் வரவில்லை. ஜன்னலுக்குக் கொசுவலையும் பால்கனியில் துணிக்கொடியும் போட்டதற்குத்தான் குடிவந்தவர்கள் மகிழ்ந்தார்கள்.

பெயிண்ட் கடைசி வேலை. ஓதம் உள்ள சுவரில் பட்டி பார்த்து மூடுவது நோயை மறைத்துப் பெண் பார்ப்பதுபோல. காரையைக் கொத்தி, காரணத்தை நிறுத்தி, காய விட்டு, பிறகு அடியுங்கள்.

கூலி விஷயம்: வேலை முடிந்த அளவுக்குப் பகுதி பகுதியாகக் கொடுங்கள். பத்தில் ஒரு பங்கை முதல் மழை வரை நிறுத்திவைப்பதாகத் தொடக்கத்திலேயே பேசிவிடுங்கள். முகம் சுளிக்கும் மேஸ்திரியை அப்போதே மாற்றிவிடலாம்.

ஏழாம் படி: வாடகைக்கு விடுவது

காலண்டரைப் பாருங்கள். ஆடியிலும் மார்கழியிலும் யாரும் பால் காய்ச்ச மாட்டார்கள். பள்ளிக் குழந்தைகள் உள்ள குடும்பங்கள் ஏப்ரல், மே மாதங்களில் வீடு தேடுவார்கள். ஆனி முடிவில் வீடு காலியானால் ஆவணி வரை உங்கள் வாடகை போனதுதான். அதனால் ஒப்பந்தத்தில் இரண்டு மாத முன்னறிவிப்பு எழுதுங்கள்.

வாடகையைச் சந்தையைவிடக் கொஞ்சம் குறைத்து வையுங்கள். ஆயிரம் ரூபாய் கூட்டிக் கேட்டு ஒரு மாதம் காலியாக வைத்தால், 20,000 ரூபாய் வீட்டில் அந்த நட்டத்தை ஈடுகட்ட இருபது மாதம் ஆகும்.

பத்து மாத அட்வான்ஸ் என்பது சென்னையின் பழைய வழக்கம். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம், குடியிருப்புகளுக்கு மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது என்கிறது. ஒப்பந்தத்தை எழுத்தில் போட்டு வாடகை அதிகாரியிடம் இணையவழியில் பதிவு செய்து எண் பெற வேண்டும். பதினொரு மாத ஒப்பந்தம் என்றால் பதிவு வேண்டாம் என்று முத்திரைத்தாள் கடைக்காரர் சொல்வார். இந்தச் சட்டத்தில் அந்தச் சலுகை இல்லை. வாடகை உயர்வு, மெயின்டனன்ஸ் யார் கட்டுவது, எந்தப் பழுது யாருடையது என்று வரி வரியாக எழுதுங்கள். வெள்ளையடிப்பது, குழாய், ஒயரிங் மாற்றுவது வீட்டுக்காரர் பொறுப்பு. டாப் வாஷர் மாற்றுவது, அடைப்பு எடுப்பது போன்ற சில்லறை வேலைகள் குடியிருப்பவர் பொறுப்பு. சண்டை வந்தால் தண்ணீரையோ மின்சாரத்தையோ நிறுத்துவது சட்டவிரோதம். மின்சாரத்துக்கு வாரியக் கட்டணத்துக்கு மேல் யூனிட்டுக்கு இவ்வளவு என்று வசூலிக்கும் பழக்கமும் வேண்டாம். தனி மீட்டர் கொடுத்து அவர்களே கட்டட்டும்.

குடிவருபவரிடம் என்ன கேட்கலாம்? வேலை, அடையாள ஆவணம், எத்தனை பேர் தங்குவார்கள், முந்தைய வீட்டை ஏன் விட்டார்கள். "நீங்கள் என்ன ஆட்கள்?" என்ற கேள்வியை நான் கேட்பதில்லை. அந்தக் கேள்வியால் நல்ல குடித்தனக்காரர்களை இழந்த வீட்டுக்காரர்களை என் தெருவிலேயே எண்ணிக் காட்டுவேன். குடிவந்தவர் விவரத்தைக் காவல் நிலையத்தில் கொடுத்துவிடுங்கள்.

எட்டாம் படி: வரி

வாடகையிலிருந்து நீங்கள் கட்டிய சொத்து வரியைக் கழித்து, மிச்சத்தில் 30 சதவீதத்தைப் பராமரிப்புக்கென்று கழிக்கலாம்; செலவு ரசீது தேவையில்லை. கடன் வட்டியையும் கழிக்கலாம். ஆனால் புதிய வரி முறையில், அதனால் வரும் நட்டத்தைச் சம்பள வருமானத்தில் கழிக்க முடியாது. எந்த முறை உங்களுக்கு லாபம் என்பதைக் கடன் வாங்குமுன் கணக்கிடுங்கள், வாங்கிய பிறகல்ல.

காலி செய்யும் நாள்

சாவி வாங்கும் நாளில் குடியிருந்தவரோடு சேர்ந்து வீட்டைச் சுற்றி வாருங்கள். குடிவந்த நாளில் எடுத்த படங்கள் உங்கள் கைபேசியில் இருக்கட்டும். மின் மீட்டரைப் படம் எடுத்து, கடைசிக் கட்டணத்தை அன்றே பேசித் தீர்த்துவிடுங்கள். பெயிண்ட் செலவுக்கென்று ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொள்வது இங்கே பரவலான பழக்கம். ஐந்து ஆண்டு குடியிருந்தவர் சுவரில் அழுக்கு இருக்கத்தான் செய்யும், நான் பிடிப்பதில்லை. மிச்ச அட்வான்ஸை ஒரு மாதத்துக்குள் திருப்பித் தர வேண்டும் என்கிறது சட்டம். சாவி வாங்கிய கையோடு கொடுத்துவிடுவது என் வழக்கம். ஆதம்பாக்கம் வீட்டுக்கு இப்போது இருக்கும் குடும்பத்தை அனுப்பிவைத்ததே முன்பு அங்கே இருந்தவர்தான்.

வீடு காலியாக இருக்கும் அந்த நான்கைந்து நாளில், டு-லெட் பலகை மாட்டுவதற்கு முன், குளியலறைத் துளையை அடைத்து மறுபடி தண்ணீர் கட்டுங்கள். இரண்டு நாள் கழித்துக் கீழ்வீட்டுக் கதவைத் தட்டுங்கள்.